ஐந்து பை ஆளியும் ஒரு கத்தியும்

கவிப்ரியா கடலைப் பார்த்ததில்லை. உத்தனப்பள்ளியில் பிறந்து, கிருஷ்ணகிரியில் வேதியியல் படித்து, ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தவளுக்குக் கடல் பக்கம் போக ஒரு காரணம் வாய்க்கவில்லை. ஆனால் கடல் அவளைத் தேடி வந்தது. தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் போட்டு, ஐந்து பைகளாக வந்தது.

அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறைக்கும் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றியுள்ள கம்பெனிகள் தங்கள் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கட்டிங் ஆயில் எல்லாவற்றையும் அங்கேதான் சோதனைக்கு அனுப்பும். எந்த ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் மெஷின் ஒன்று அங்கே உண்டு. எண்ணெயைப் பற்றி அந்த மெஷினுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று மேலாளர் கமலக்கண்ணன் வருகிறவர்களிடம் சொல்வார். அவருக்கு விருதுநகர். பெருமையாகச் சொல்லும்போதுகூட ஏதோ இடிந்து விழப்போகிற மாதிரிதான் முகம் இருக்கும்.

நெடுங்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர். அதன் ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கிடங்கு, அதற்கு ஒரு கப்பல் துறை. துறையிலிருந்து கிடங்குக்குப் போகும் குழாய் கசிகிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கசியவில்லை என்று கிடங்கு சொன்னது. விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு தண்ணீரை மொண்டு சோதித்துப் பார்த்தது, ஒன்றும் தெரியவில்லை.

தெரியாது. கடல் தண்ணீர் ஓர் இடத்தில் நிற்பதில்லை. நேற்றுக் கசிந்த எண்ணெயை இன்று மொள்ளுகிற குடத்தில் தேட முடியாது. அதனால் தர்ஷினி என்ற கள ஆய்வாளர் குழுவிடம், ஆளியைக் கேட்கலாம் என்று சொன்னாள். ஆளி என்பது பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் சிப்பி. இரண்டு ஓடு, நடுவில் சதை, வேலை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரை உள்ளே இழுத்து, இரையை வடிகட்டி, வெளியே விடுவது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் இப்படிப் போய்வரும். தண்ணீரில் எண்ணெய் இருந்தால் அதுவும் உள்ளே போய்ச் சதையின் கொழுப்பில் தங்கிவிடும். மீன் அதே எண்ணெயைக் குடித்தால் அதன் ஈரல் உடைத்துத் தள்ளிவிடும். நாலு நாள் கழித்துப் பிடித்தால் மீன் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். ஆளிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அது எழுந்து வேறு இடத்துக்குப் போவதும் இல்லை. ஆகவே, ஓர் இடத்தில் ஒரு மாதம் என்ன நடந்தது என்று ஆளியிடம் கேட்டால் அது மறைக்காமல் சொல்லும்.

பெட்டி வந்த அன்று கவிப்ரியா இதையெல்லாம் உதவியாளர் ஆஞ்சப்பனிடம் சொன்னாள். ஆஞ்சப்பன் பதினெட்டு வருஷம் லேத்தில் நின்றவர். இரண்டு வருஷமாக இங்கே ஒப்பந்த ஊழியர்.

"வண்டியில ஆயில் ஃபில்டர் இருக்குதுல்லண்ணா, அந்த மாதிரி," என்றாள்.

ஆஞ்சப்பன் ஓர் ஆளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினா மாத்திடணுமா?"

"இது ஓடாதுண்ணா."

"ஓடாத வண்டிக்கு என்னாத்துக்கு ஃபில்டர்?" என்றார். அவர் கேள்வி கேட்பது பதிலுக்காக அல்ல என்று தெரிந்ததால் அவள் விட்டுவிட்டாள்.

தர்ஷினி செய்திருந்த ஏற்பாடு இதுதான். தெற்கே வெகு தூரத்தில், தொழிற்சாலை ஏதும் இல்லாத ஒரு விரிகுடாப் பாறையிலிருந்து நூறு ஆளிகளை எடுத்து, இருபது இருபதாக ஐந்து வலைப் பைகளில் போட்டாள். முதல் பை கப்பல் துறையை ஒட்டி. இரண்டாவது ஒரு கிலோமீட்டர் தள்ளி. மூன்றாவது இரண்டு, நான்காவது நான்கு. ஐந்தாவது பையை, எடுத்த பாறைக்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். அது சுத்தப் பை. முப்பது நாள் கழித்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். குழாய் கசிந்தால் முதல் பையில் எண்ணெய் நிறைய இருக்கும்; தள்ளிப் போகப் போகக் குறையும்; சுத்தப் பையில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. கசியவில்லை என்றால் ஐந்தும் ஒன்றுபோல இருக்கும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற சோதனை. உடனே இன்னொரு முறை செய்ய முடியாத சோதனையும்கூட. மழைக்காலம் பிறக்கிறது, கடல் கொந்தளித்துவிட்டால் பை தொங்கவிட முடியாது, அதன் பிறகு தை மாதம்தான். விசாரணையோ அடுத்த வெள்ளிக்கிழமை.

கவிப்ரியாவுக்கு இதில் சொந்தமாக ஒரு விஷயம் இருந்தது. ஆறு வருஷமாக அவள் சோதனை செய்வாள், வேறொருவர் கையெழுத்துப் போடுவார். அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரம் போன மாதம்தான் அவளுக்கு வந்திருந்தது. இதுதான் முதல் அறிக்கை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு நீல மைப் பேனா வாங்கிவைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. ஆளிகள் அப்படியே ஃப்ரீஸருக்குள் போயின, ஏனென்றால் அன்று மதியம் ஆயுத பூஜை. புதனும் வியாழனும் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை அவள் ஒவ்வொரு பையிலிருந்தும் பதினைந்து ஆளிகளை எடுத்துத் திறந்தாள். ஐந்தை ஓட்டோடு மூடியபடியே ஃப்ரீஸரில் விட்டாள். அப்படி விடுவது விதி. ஏதாவது தகராறு வந்தால் திரும்பப் பார்க்க.

திறப்பதிலும் ஒரு விதி உண்டு. சுத்தமானதை முதலில், அழுக்கானதைக் கடைசியில். அழுக்கை முதலில் தொட்டால் அது கையோடு, கத்தியோடு சுத்தத்துக்கும் போய்விடும் அல்லவா? ஆகவே சுத்தப் பை, பிறகு நான்கு, மூன்று, இரண்டு, கடைசியாகத் துறையை ஒட்டிய ஒன்று. ஒரு பை முடிந்ததும் கத்தியை ஹெக்சேனில் கழுவுவாள். ஹெக்சேன் எண்ணெயைக் கரைக்கும். பிறகு சதையை அரைத்து, காரக் கரைசலில் வேகவைத்து, கொழுப்பைச் சிதைத்து, எண்ணெயை மட்டும் பிரித்து, திங்கட்கிழமை காலை மெஷினில் ஏற்றினாள்.

முடிவு இப்படி வந்தது. ஒரு கிராம் சதைக்கு இத்தனை மைக்ரோகிராம் எண்ணெய் என்று கணக்கு. சுத்தப் பை அறுபது. நான்காவது நாற்பது. மூன்றாவது முப்பத்தொன்று. இரண்டாவது இருபத்தைந்து. கப்பல் துறையை ஒட்டியது இருபத்தேழு.

கவிப்ரியா பாட்டில்களின் லேபிளைப் பார்த்தாள். மாறவில்லை. மெஷினில் வைத்த வரிசையைப் பார்த்தாள். மாறவில்லை. கமலக்கண்ணனைக் கூப்பிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்ன தாயி இது, தலைகீழா இருக்கு."

"ஆமாங்க சார்."

"பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டு தரப்புக்கும் நம்பரை அனுப்பணும்னு குழு சொல்லிருக்கு. மணி பதினொன்னே முக்கால்."

"தப்பா இருக்கும்னு தோணுது சார்."

"எனக்கும்தான் தோணுது. தோணுறதை எல்லாம் மெயில்ல அனுப்ப முடியுமா? இது இன்னும் சரிபார்க்கலைன்னு மேல ஒரு வரி போட்டு அனுப்பிரு."

அனுப்பினாள். மேலே போட்ட அந்த வரியை யாரும் படிக்கவில்லை. ஒரு மணிக்குத் தர்ஷினி அழைத்தாள்.

"கவி, கிடங்கு வக்கீல் குழுத் தலைவருக்கு லெட்டரே போட்டுட்டாரு. இயற்கையான கடலைவிட எங்க துறை பாதிக்குப் பாதி சுத்தம்னு எழுதிருக்காரு."

"பாத்தேன்."

"இன்னும் ரெண்டு கப்பல் வந்தா துறைத் தண்ணிய பாட்டில்ல அடைச்சு விக்கலாம் போல."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிக்கிறேன் தர்ஷினி."

"இங்க ஊர்ல என்னைக் கேக்குறாங்க, ஏம்மா, சிப்பியக் கேளு சிப்பியக் கேளுன்னு சொன்னியே, அது என்ன சொல்லுச்சுன்னு. நான் என்ன சொல்றது?"

"எங்கிட்ட பொய் சொல்லுதுன்னு சொல்லு."

"அது பொய் சொல்லாதுன்னு சொல்லித்தான் வலையே கட்டுனேன்," என்று தர்ஷினி போனை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கவிப்ரியா எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு வரைபடங்களை எடுத்தாள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எண் என்பது கூட்டல். மொத்தம் எவ்வளவு எண்ணெய் என்று மட்டும் சொல்லும். எந்த எண்ணெய் என்று வரைபடம்தான் சொல்லும். அந்த மெஷினுக்குள் முப்பது மீட்டர் நீளமுள்ள, முடியைவிடச் சற்றே தடித்த ஒரு குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணெயைச் சூடாக்கி அதற்குள் அனுப்பினால் லேசான பொருட்கள் முதலில் ஓடி வந்துவிடும், கனமானவை பின்னால் மெதுவாக வரும். வர வர மெஷின் ஒரு கோடு கிழிக்கும். கிடங்கில் இருப்பது போன்ற எரி எண்ணெய் என்றால் அந்தக் கோடு சீப்பு மாதிரி இருக்கும்; சம இடைவெளியில் பல்லுப் பல்லாக. இயந்திரங்களுக்குப் போடும் மசகு எண்ணெய் என்றால் பல் இருக்காது. ஆலையில் சுத்திகரிக்கும்போதே பல்லுக்குரிய மெழுகை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஆயிரக்கணக்கான பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதால் கோடு வழுக்கையான ஒரு குன்று மாதிரி எழுந்து இறங்கும்.

சுத்தப் பையின் வரைபடம் முழுக்கக் குன்றாக இருந்தது. பல்லே இல்லை. நான்காவது பையில் சின்னக் குன்று, அதன்மேல் தடவிப் பார்த்தால் தெரிகிற அளவுக்குப் பல். மூன்றில் குன்று இன்னும் சிறுத்து, பல் வளர்ந்திருந்தது. துறையை ஒட்டிய பையில் குன்று கிட்டத்தட்ட இல்லை, அருமையான சீப்பு.

இரண்டு எண்ணெய். ஒன்று துறையிலிருந்து தள்ளிப் போகப் போகக் குறைகிறது, குறைய வேண்டிய மாதிரியே. இன்னொன்று தள்ளிப் போகப் போகக் கூடுகிறது. அப்படி ஓர் எண்ணெய் கடலில் இருக்க முடியாது. கவிப்ரியா ஒரு தாளில் பைகளின் பெயரை, குன்றின் உயர வரிசையில் எழுதினாள். சுத்தம், நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தூரத்தின் வரிசை மட்டும் அல்ல. வெள்ளிக்கிழமை அவள் பைகளைத் திறந்த வரிசையும் அதுதான்.

எதுவோ அவளிடம்தான் இருந்தது. முதலில் திறந்த பையில் நிறையக் கொட்டி, ஒவ்வொரு பையாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஹெக்சேனா? இல்லை. ஒவ்வொரு முறையும் ஆளியே போடாமல், எல்லாத் திரவங்களையும் எல்லாப் பாத்திரங்களையும் வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்வார்கள். பாத்திரத்திலோ திரவத்திலோ எண்ணெய் இருந்தால் அதில் தெரிந்துவிடும். வெற்றுச் சோதனை பளிச்சென்று இருந்தது. அப்படியானால் வெற்றுச் சோதனை தொடாத, ஆனால் ஆளி தொட்ட ஏதோ ஒன்று. ஆளி இல்லாத சோதனையில் எதைத் திறக்கப் போகிறோம்? திறக்க ஒன்றும் இல்லை என்றால் எதை எடுக்கப் போவதில்லை?

குன்றை மெஷினின் நினைவகத்தில் தேடச் சொன்னாள். ஓசூரில் ஓடுகிற ஆயில்களில் முந்நூறுக்கு மேல் அதற்குத் தெரியும். அரை நிமிஷம் யோசித்துவிட்டு, ஸ்பிண்டில் ஆயில் என்று பதில் போட்டது. லேத்தின் சுழல் அச்சுக்குப் போடுகிற மெல்லிய ஆயில். வங்காள விரிகுடாவில் லேத் ஓடுவதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

ஆஞ்சப்பன் பின்பக்கம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஆளி திறக்கிற கத்தி எங்க?"

"அதோ, தொங்குது."

அந்தக் கத்தி கடையில் வாங்கியதல்ல. ஆளி திறக்கிற கத்தி ஓசூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆஞ்சப்பன் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓர் உடைந்த ஹேக்ஸா பிளேடை வாங்கி, தேய்த்து, முனை மழுக்கி, வேப்பமரக் கைப்பிடி போட்டுக் கொடுத்திருந்தார். நல்ல கத்தி. ஓட்டின் இடுக்கில் விட்டு ஒரு திருப்பு திருப்பினால் ஆளி திறந்துகொள்ளும்.

"இதுக்கு ஆயில் போட்டீங்களா?"

ஆஞ்சப்பன் குழாயை மூடினார். "ஆயுத பூஜைக்குப் போடாத வேற என்னைக்கும்மா போடுவாங்க?"

"எவ்ளோ?"

"தாராளமாத்தான் போட்டேன். கைப்பிடி காஞ்சி வெடிச்சிகினு இருந்தது. பக்கத்துல முனிராஜ் பட்டறையில கேட்டு, ஸ்பிண்டில் ஆயில் ஒரு கிண்ணத்துல வாங்கியாந்து, கைப்பிடிய உள்ள நிக்க வச்சிட்டேன். நல்லா குடிச்சிது. எண்ணெயே காணாத புது மரமாச்சே."

"எப்ப வெளிய எடுத்தீங்க?"

"எப்ப எடுப்பாங்க? பூஜையில வச்ச ஆயுதத்தை விஜயதசமி முடியாத தொடலாமா? செவ்வாக்கெழமை வச்சது, வெள்ளிக்கெழமை காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுத்தேன். தொடச்சி, பொட்ட அழிச்சி, உங்க கையில குடுத்தேனே. நீங்ககூட வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினீங்க."

உண்மைதான். ஒற்றிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அந்தக் கத்தியைப் பூஜைத் தட்டில் வைக்கச் சொல்லி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். தராசு, மிக்ஸி, இடுக்கி, ஸ்பேனர் என்று எல்லாம் தட்டுக்குப் போனபோது, புதுக் கத்தி மட்டும் என்ன பாவம் செய்தது என்று தோன்றியது.

"வாடையே வரலியேண்ணா," என்றாள்.

"என்ன வாடை?"

அந்தத் தெருவில் பிறந்த நாய்க்குட்டிகூட ஆயில் வாடைதான் காற்றின் வாடை என்று நினைத்திருக்கும்.

மீதிக் கதையைக் கத்தியே சொல்லியது. கைப்பிடியை ஒரு மணி நேரம் ஹெக்சேனில் ஊறவைத்து, அந்த ஹெக்சேனை மெஷினில் ஏற்றினாள். குன்று வந்தது, மலை என்றே சொல்லலாம். மூன்று நாள் எண்ணெய் குடித்த மரம், பிளேடு நுழையும் இடுக்கின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் விதிப்படி ஒவ்வொரு பைக்கும் நடுவில் கத்தியைக் கழுவியபோது ஹெக்சேன் அந்த இடுக்கில் இறங்கி, மரத்திலிருந்து எண்ணெயை இன்னும் இழுத்து வந்திருக்கிறது. கழுவக் கழுவக் கசிவும் குறைந்தது. சுத்தமானதை முதலில் திறக்க வேண்டும் என்ற விதியையும் பின்பற்றியதால், கத்தி நிறையக் கசிந்தபோது அதன் கையில் கிடைத்தது சுத்தப் பை. இரண்டு விதிகளில் ஒன்றையாவது மீறியிருந்தால் இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழ் ஆகியிருக்காது.

கமலக்கண்ணன் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஃப்ரீஸர்ல பைக்கு அஞ்சு ஆளி இருக்குல்ல?"

"இருக்குது சார்."

"வேற கத்தி வச்சுத் திற. புது ரிசல்ட்டை அனுப்பு. பழசு சரிபார்க்காதது, அவ்வளவுதான். பூஜை கீஜைன்னு ஒன்னும் எழுத வேண்டாம்."

"ஏன் மாறுச்சுன்னு கேப்பாங்க சார். சொல்லலைன்னா, நம்மகிட்ட எந்த நம்பர் கேட்டாலும் கிடைக்கும்னு வக்கீல் சொல்லுவாரு. அப்புறம் அந்த ஊருக்கு தை மாசம்தான்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "அப்ப பிழை அறிக்கை போடணும். அதுல பொறுப்பானவர்னு ஒரு கட்டம் இருக்கு. ஒரு பேருதான் எழுத முடியும். ஆஞ்சப்பன் பேரை எழுதிரு. அவர்தானே எண்ணெய் போட்டது."

"அவரு கான்ட்ராக்ட் சார். பேரு ஏறினா ரினியூ பண்ண மாட்டாங்க."

"உன் பேரு ஏறினா என்ன ஆகும்னு தெரியும்ல? மூணு மாசத்துக்கு எந்த ரிப்போர்ட்லயும் கையெழுத்துப் போட முடியாது. இந்த ரிப்போர்ட்லயும்."

"தெரியும் சார்."

"தட்டுல வச்சது நீயா, அவரா?"

"எடுத்துக் குடுத்தது நானு. அவரு கத்திய கத்தி மாதிரிதான் பாத்துக்கிட்டாரு. அது கத்தி இல்ல, அளவுக் கருவின்னு அவர்கிட்ட யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவ நான்தான்."

அவள் படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினாள். பிழையின் விவரம்: ஆளி திறக்கும் கத்திக்கு ஆயுத பூஜையன்று ஸ்பிண்டில் ஆயில் இடப்பட்டது. பிழை எப்படிக் கண்டறியப்பட்டது என்ற கட்டம் போதவில்லை. பின்னால் இரண்டு தாள் இணைத்தாள், வரைபடங்களோடு. மூல காரணம் என்ற கட்டத்தில் 'வழக்கம்' என்று எழுதினாள். பொறுப்பானவர்: கவிப்ரியா. கீழே நீல மைப் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாக எழுதியது.

ஆஞ்சப்பனுக்கு விஷயம் மாலை தெரிந்தது. அவர் அவள் மேஜைக்கு வந்து நின்றார். நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்தக் கட்டத்துல சாமி பேரை எழுதியிருக்கலாம்ல?" என்றார்.

"எம்ப்ளாயி நம்பர் கேக்குதுண்ணா."

புதனும் வியாழனும் திரும்பச் செய்தாள். இந்த முறை கத்தி முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. கைப்பிடியும் அதே தகடு, இடுக்கே இல்லை. அதையும் ஆஞ்சப்பன்தான் முனிராஜ் பட்டறையில் வெட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் வேறு யாரும் தொடாமல் நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். நியூஸ் பேப்பர் மையிலும் எண்ணெய் உண்டு என்று கவிப்ரியா சொன்னதும், மறுபடி கழுவிவிட்டு, கையில் பிடிக்காமல் இடுக்கியால் தூக்கி வந்து வைத்தார். வெற்றுச் சோதனையில் இந்த முறை கத்தியையும் ஹெக்சேனில் முக்கி எடுத்தாள்.

சுத்தப் பை இரண்டு. நான்காவது மூன்று. மூன்றாவது ஏழு. இரண்டாவது பன்னிரண்டு. துறையை ஒட்டியது இருபத்தொன்று. குன்று எதிலும் இல்லை.

கடலில் எத்தனை நாள் கிடந்தாலும் லேசில் சிதையாத சில பொருட்கள் எண்ணெயில் உண்டு. ஒன்றுக்கு ஒன்று அவை எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் அந்த எண்ணெயின் கைரேகை. குழு முன்பே கிடங்கிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் எண்ணெய் வாங்கி அனுப்பியிருந்தது. துறையை ஒட்டிய பையின் கைரேகையும் பாட்டிலின் கைரேகையும் ஒன்றாக இருந்தன. கமலக்கண்ணன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பிழை அறிக்கை பின்னிணைப்பாகப் போனது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. ஓசூர்க்காரர்களுக்கு வீடியோ. குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பொறியாளர். சளைக்காமல் தாள் புரட்டுகிறவர். கிடங்கின் வக்கீலும் தன் அலுவலகத்திலிருந்தே திரையில் வந்திருந்தார். எடுத்த எடுப்பில் பின்னிணைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆய்வுக்கூடத்துல கத்திக்கு பூஜை போட்டீங்களா?"

"ஆமாங்க," என்றாள் கவிப்ரியா.

"விஞ்ஞான ஆய்வுக்கூடத்துலயா?"

"ஆமாங்க. ஆயுத பூஜை."

"இப்படிப்பட்ட இடத்துல இருந்து வர்ற அறிக்கையை எப்படி நம்புறதுன்னு தலைவர்தான் சொல்லணும்."

தலைவர் திரையை நெருங்கி வந்து எதையோ உற்றுப் பார்த்தார். வக்கீலின் முதுகுக்குப் பின்னால் ஒரு பிரிண்டர் இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து பத்து நாள் ஆகியிருக்கும்.

"உங்க பிரிண்டர் நல்லா பிரிண்ட் பண்ணுதா சார்?" என்று தலைவர் கேட்டார்.

வக்கீல் திரும்பிப் பார்த்தார். "பண்ணுதுங்க."

"சரி. மேல போங்க."

வக்கீல் மேலே போனார். துறைப் பையில் இருக்கிற எண்ணெயும் கத்தியிலிருந்து வந்ததில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். நல்ல கேள்வி. கவிப்ரியாவுக்கு அப்படிப்பட்ட கேள்வி பிடிக்கும். இரண்டு வரைபடங்களையும் திரையில் காட்டி, பல் எது, குன்று எது, பல்லை ஏன் ஆலையில் எடுத்துவிடுகிறார்கள், திறந்த வரிசை என்ன, கழுவினால் ஏன் எண்ணெய் கூடும், கத்தி தொடாத வெற்றுச் சோதனை ஏன் பளிச்சென்று இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினெட்டு நிமிஷம் ஆனது. நடுவில் கமலக்கண்ணன் இரண்டு முறை மணி பார்த்தார். தலைவர் ஒரு முறையும் பார்க்கவில்லை.

"அறிக்கை நாலு பக்கம்," என்றார் தலைவர் கடைசியில். "எல்லாரும் அனுப்புற மாதிரிதான் இருந்தது, புரட்டிட்டு வச்சுட்டேன். இந்தப் பிழை அறிக்கையைத்தான் முழுசாப் படிச்சேன். அஞ்சு பை எண்ணெயைப் பார்த்துக் கத்திக் கைப்பிடி வரைக்கும் போக முடியுது. அப்போ குழாய் வரைக்கும் போறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. குழாயைத் தோண்டிப் பார்க்கட்டும். இதுல கையெழுத்து யாருது?"

"என்னுதுங்க."

"தெளிவா இருக்கு," என்றார். கையெழுத்தையா, விஷயத்தையா என்று சொல்லவில்லை. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் தர்ஷினி ஒரு படம் அனுப்பினாள். தோண்டிய குழி, கறுத்த மணல், குழாயின் வெல்டிங்கில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கூடவே ஒரு வரி: சிப்பி பொய் சொல்லலன்னு ஊர்ல சொல்லிட்டேன்.

கவிப்ரியா அதை ஆஞ்சப்பனிடம் காட்டினாள். அவர் வெல்டிங்கைத்தான் பார்த்தார். "மட்டமான வேலை," என்றார்.

கையெழுத்துப் போட முடியாத மூன்று மாதத்தில் முதல் மாதம் அவள் நடைமுறைக் கையேட்டைத் திருத்தி எழுதினாள். மாதிரியைத் தொடும் எந்தக் கருவிக்கும் எண்ணெய் இடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தாள். ஆஞ்சப்பனுக்கு அது சரிப்படவில்லை. அடுத்த வருஷம் எல்லா ஆயுதமும் தட்டில் இருக்கும்போது கத்தி மட்டும் இல்லாமல் எப்படி என்று கேட்டார். இரண்டு நாள் பேசிய பிறகு, பழைய வேப்பமரக் கைப்பிடிக் கத்தியைப் பூஜைக்கென்று ஒதுக்குவதாக முடிவானது. அது தனி டப்பாவில், தனி அலமாரியில் இருக்கும். ஆளி பக்கம் வராது. வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேண்டிய மட்டும் எண்ணெய் போடலாம்.

ஜனவரியில் தணிக்கைக்கு வந்தவர்கள் அலமாரியைத் திறந்து, இது என்ன கருவி, இதற்கு ஏன் எண் இல்லை என்று கேட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எண் இருக்க வேண்டும் என்பது விதி. கமலக்கண்ணன் கவிப்ரியாவைப் பார்த்தார். கவிப்ரியா ஸ்டிக்கர் எடுத்து ஒட்டினாள். பயன்பாடு என்ற இடத்தில் 'பூஜை மட்டும்' என்று எழுதினாள். பொறுப்பானவர் என்ற இடத்தை ஆஞ்சப்பன் தானே கேட்டு வாங்கி, தன் பெயரைத் தமிழில் மெதுவாக எழுதினார்.